காரணம் எழுதும் கட்டம்

அந்த வார்டில் அவளுக்கு முடிச்சக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. கூட வேலை பார்க்கும் நர்சுகள், ஆயாம்மாக்கள், சமையல்கட்டு ஆட்கள், ஏன், மூன்றாம் முறை நான்காம் முறை வந்து சேரும் நோயாளிகள்கூட அவளை முடிச்சக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

மனநல ஆஸ்பத்திரியில் பெண்களுக்கான அவசர வார்டு அது. வீட்டில் சமாளிக்க முடியாதவர்களை முதலில் அங்கேதான் கொண்டுவருவார்கள். கை ஓங்குகிறவர்களையும், தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறவர்களையும் சில நேரம் துணிப்பட்டையால் கட்டிலோடு கட்டிவைக்க வேண்டி வரும். இரண்டு கை, இரண்டு கால், நாலு பட்டை. மற்றவர்களுக்கு ஐந்து நிமிஷம் ஆகிற வேலை அவளுக்கு ஒன்றரை நிமிஷத்தில் முடிந்துவிடும். பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிற அளவு இடம் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு மேல் விட்டால் உருவிக்கொள்வார்கள், குறைத்தால் தோல் கன்றிப்போகும். இருபத்தாறு வருஷத்தில் அவள் கட்டிய ஒரு கையிலும் ஒரு கன்றல் விழுந்ததில்லை. அதை அவள் யாரிடமும் பீற்றிக்கொண்டதில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. நல்ல தையல்காரிக்குத் தன் கையால் போட்ட தையல்மேல் இருக்கிற மாதிரியான பெருமை.

அவளாக விரும்பி அந்த ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. நர்சிங் முடித்து வேலைக்கு உத்தரவு வந்த அன்று அவளுடைய அம்மா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேற ஆஸ்பத்திரியே கிடைக்கலியா உனக்கு?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்த வேலையைக் கேள்விப்பட்டு இரண்டு மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினார்கள். மூன்றாவதாக வந்தவர் பஸ் ஓட்டுகிறவர். வேலையைப் பற்றி அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஷிப்ட் எப்படி மாறும்?" பதிலைக் கேட்டுவிட்டுச் சொன்னார், "என் ஷிப்ட் இதைவிட மோசம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வீட்ல இருக்கற நாள் விசேஷ நாள்னு வெச்சுக்கலாம்." அந்த விசேஷ நாள்களுக்கு நடுவில் ஒரு மகள் பிறந்து, படித்து, வேறு ஊரில் வேலைக்கும் போய்விட்டாள்.

வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம், தன் வயதே உள்ள ஒரு பெண்ணின் காலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிடித்தாள். அப்புறம் துணி அறைக்குள் போய், மடித்து வைத்த போர்வைகளில் முகத்தைப் புதைத்து அழுதாள். அடுத்த தடவையும் அழுதாள். எந்தத் தடவையோடு அழுகை நின்றது என்று அவளுக்கே தெரியாது. நாற்பத்திரண்டு கட்டில். பகலில் இரண்டு நர்ஸ், இரண்டு ஆயாம்மா. ஒருத்தி ஆவேசப்பட்டால் நாலு பேரும் அங்கே ஓட வேண்டும். அந்த நேரத்தில் மிச்சம் நாற்பத்தொரு பேரை யார் பார்ப்பது? இந்தக் கணக்குக்கு விடை தெரியாததால்தான் பட்டை. அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள். அதில் பொய்யும் இல்லை.

அவள் வேலைக்கு வந்த இருபத்தாறாவது வருஷம் நர்சிங் கல்லூரியிலிருந்து ஒரு விரிவுரையாளர் வந்தார். நோயாளிகளின் ஆவேசத்தைப் பற்றியும் அவர்களைக் கட்டிவைப்பதைப் பற்றியும் நர்சுகள் என்ன நினைக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறாராம். முப்பது கேள்விகள் கொண்ட தாளைக் கையில் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டம். முழுக்க ஒப்புக்கொள்கிறேன் என்பதில் ஆரம்பித்து, முழுக்க மறுக்கிறேன் என்பது வரை. ஒன்றில் டிக் போட வேண்டும்.

கூட வேலை பார்த்த இன்னொரு நர்சை எல்லோரும் சின்ன சிஸ்டர் என்பார்கள். அவள் வந்தே எட்டு வருஷமாகிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. அவள் தாளை உரக்கப் படித்தாள்: "ஆவேசம் என்பது நோயாளி உதவி கேட்கும் ஒரு வழி. அக்கா, கேட்டீங்களா? போன வாரம் ஒருத்தி என் காதைக் கடிச்சு உதவி கேட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். விரிவுரையாளரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு முடிச்சக்காவின் பக்கம் திரும்பி, "பன்னண்டாவது கேள்விய நீங்க விட்டுட்டீங்க" என்றார். கட்டும்போது உங்களுக்குக் குற்ற உணர்வு ஏற்படுகிறதா என்பது அந்தக் கேள்வி.

"ஏற்படறதுக்கு உக்கார நேரம் வேணுமேம்மா" என்றாள் முடிச்சக்கா.

இதற்கும் சிரிப்பு எழுந்தது. அந்த அம்மாள் மட்டும் சிரிக்காமல் அதை நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். முடிச்சக்கா முப்பது கேள்விக்கும் நடுக்கட்டத்திலேயே டிக் போட்டுக் கொடுத்துவிட்டு ஊசி போடப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு புதிதாக வந்த டாக்டர் ஒருவர் நர்சுகளுக்கு இரண்டு மணி நேரம் வகுப்பு எடுத்தார். கட்டுவது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும், முதலில் பேசிப் பாருங்கள் என்றார். நேர் எதிரே நிற்காதீர்கள், கை எட்டாத தூரத்தில் பக்கவாட்டில் நில்லுங்கள், குரலை இறக்குங்கள், என்ன வேண்டும் என்று கேளுங்கள், ஐந்து நிமிஷம் கொடுங்கள். நர்சுகள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இருப்பதாக முடிச்சக்காவுக்குத் தோன்றவில்லை. ஐந்து நிமிஷத்தை எங்கிருந்து எடுப்பது என்று மட்டும் யோசித்தாள்.

அந்த மாதக் கடைசியில் ஒரு கணக்கு டீச்சரைக் கொண்டுவந்தார்கள். ஒன்பது நாளாகத் தூங்கவில்லை என்று அவருடைய தம்பி சொன்னார். சொல்லும்போதே அந்தத் தம்பி உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுந்தார். டீச்சர் வந்த மறுநாள் காலை, பற்பசையைப் பிதுக்கி, ஜன்னலோரச் சுவர் முழுக்க விரலால் கணக்கு போட்டுக்கொண்டிருந்தார். மாத்திரை கொடுக்கிற நேரம். ஆயாம்மா ஈரத்துணியோடு போய்ச் சுவரைத் துடைக்கப் பார்க்க, டீச்சர் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்து நின்றது. ஆயாம்மா பட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"இரு" என்றாள் முடிச்சக்கா. "நான் பேசிப் பாக்கறேன்."

பக்கவாட்டில் போய் நின்றாள். குரலை இறக்கினாள். "இது என்ன கணக்கு டீச்சர்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்களேன்."

டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். இந்தப் பக்கம் இருப்பதை அந்தப் பக்கம் கொண்டுபோனால் குறி மாறும், அதை மறந்தால் எல்லாம் நாசம் என்றார். குரல் மெல்ல மெல்லத் தணிந்தது. இரண்டு நிமிஷம் போயிருக்கும். பரவாயில்லையே என்று முடிச்சக்கா நினைத்தாள். மாத்திரைத் தட்டை மெதுவாக முன்னால் நகர்த்தினாள். அந்த நேரம் பார்த்து, சும்மா நிற்பானேன் என்று ஆயாம்மா சுவரின் மறுகோடியிலிருந்து துடைத்துக்கொண்டு வந்தாள். டீச்சர் திரும்பினார். கணக்கில் பாதியைக் காணோம். தள்ளுவண்டியில் இருந்த எவர்சில்வர் ஜாடியை எடுத்து வீசியது டீச்சருக்கே தெரிந்திருக்காது. ஜாடி முடிச்சக்காவின் இடது தோளில் இறங்கியது. காரை எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

ஆறு வாரம் கையைக் கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தாள். பார்க்க வந்த நர்சுகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "பேசிப் பாக்கணுமாம்! அந்த டாக்டர் வந்து பேசிப் பாக்கட்டும், நாங்க ஜாடிய எடுத்து வெக்கறோம்" என்றார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள், தோள் வலித்தது. மகள் போனில், "போதும்மா, வேலைய விட்டுடு" என்று அழுதாள். கணவர் தினமும் அவளுக்குத் தலை வாரிவிட்டார். ஸ்டியரிங் பிடித்த கை. வகிடு ஒரு நாளும் நேராக வந்ததில்லை.

ஒரு நாள் அலமாரி மேல்தட்டிலிருந்து டப்பாவை எடுக்க அவர் கையைத் தூக்கினார். அவள் சட்டென்று தலையைக் குனிந்து தோளைச் சுருக்கிக்கொண்டாள். அடிபட்ட நாய்க்குட்டி ஒடுங்குவது மாதிரி. அவர் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. மெதுவாக இறக்கினார்.  மறுநாளிலிருந்து அவர் எதையாவது எடுக்கும் முன்பு, "கை தூக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தூக்கினார். வளைவில் ஹாரன் அடிக்கிற பழக்கம். அவள் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்துகொண்டாள்.

ஏழாவது வாரம் வேலைக்குத் திரும்பினாள். வார்டுக்குள் நுழைந்ததும் முதலில் எதிரே வந்தவர் கணக்கு டீச்சர்தான். மருந்து வேலை செய்திருந்தது. முகம் தெளிந்து, தலையைப் படிய வாரி, யாரோ தூரத்து உறவுக்காரி மாதிரி சிரித்தார்.

"சிஸ்டர், தோள்ல என்ன ஆச்சு? ஒரு பக்கமா சாய்ஞ்சு நடக்கறீங்களே?"

கேலியா என்று முடிச்சக்கா அவர் கண்ணைப் பார்த்தாள். கேலி இல்லை. அந்த நாள் டீச்சரின் நினைவிலேயே இல்லை.

"விழுந்துட்டேன் டீச்சர்."

"அய்யோ. பாத்து நடங்க சிஸ்டர், நம்ம வயசுக்கு எலும்பு சேராது."

அந்த வாரமே தம்பி வந்து டீச்சரை வீட்டுக்கு அழைத்துப் போனார்.

அதன் பிறகு அவளுடைய வேலையில் ஒரு மாற்றம் வந்தது. வெளியே பார்த்தால் தெரியாது. கட்டுவதற்கு முன்னால் யோசிக்கிற அந்த ஒரு மூச்சு நேரம் காணாமல் போயிருந்தது. ஒருத்தி குரலை உயர்த்தினாள், பட்டை. ஒருத்தி தட்டைத் தள்ளிவிட்டாள், பட்டை. பத்து நாளில் மூன்று பேர். மூன்றுக்கும் கேட்டால் காரணம் சொல்ல முடியும். சின்ன சிஸ்டர் மட்டும் ஒரு தடவை, "அக்கா, கொஞ்சம் பாத்துட்டு..." என்று இழுத்தாள். "நீ ஜாடி வாங்கினவளா?" என்று இவள் கேட்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

பதினோராவது நாள் நடந்ததுதான் அவளால் விழுங்க முடியாமல் போனது.

இரண்டு நாளைக்கு முன்பு ஒரு பெண் வந்து சேர்ந்திருந்தாள். இருபது வயதுக்குள் இருக்கும். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. கொடுத்தால் சாப்பிட்டாள், படு என்றால் படுத்தாள். நீளமான முடி, முன்பக்கம் மட்டும் யாரோ அவசரமாக வெட்டிவிட்ட மாதிரி குட்டையாகக் கிடந்து கண்ணில் விழுந்தது. முடிச்சக்கா ரத்த அழுத்தம் பார்க்கக் குனிந்தபோது அந்தப் பெண்ணின் வலது கை விருட்டென்று மேலே எழுந்தது.

"பட்டை!"

அந்தக் குரல் தன்னுடையதுதான் என்று முடிச்சக்காவுக்கு ஒரு கணம் கழித்தே தெரிந்தது. ஆயாம்மாக்கள் ஓடிவந்தார்கள். சின்ன சிஸ்டர் காலைப் பிடித்தாள். ஒன்றரை நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தப் பெண் திமிரவில்லை, உதைக்கவில்லை. கையும் காலும் நனைந்த துணி மாதிரி இழுத்த பக்கம் வந்தன. கட்டி முடித்து நிமிர்ந்தபோது சின்ன சிஸ்டர் அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

கட்டினால் அதற்கென்று இருக்கும் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். வரிசை எண், நோயாளி பெயர், நேரம், யார் உத்தரவு, ஐந்தாவது கட்டத்தில் காரணம். முடிச்சக்காவின் எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஐந்தாவது கட்டத்தில், "தாக்க முயன்றார்" என்று எழுதினாள். அந்தக் கட்டத்தில் அவள் ஆயிரம் தடவை எழுதிய இரண்டு சொற்கள்.

கட்டியவர்களைக் கால் மணிக்கு ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். போனாள். அந்தப் பெண் கீழுதட்டை முன்னால் நீட்டி மேல்நோக்கி ஊதிக்கொண்டிருந்தாள். பூ... பூ... என்று. ஊதின காற்றில் நெற்றி முடி கொஞ்சம் எழும்பி, மறுபடி கண்ணுக்குள்ளேயே விழுந்தது. கண் சிவந்து நீர் வழிந்திருந்தது. அழுகை இல்லை, முடி குத்தியதால் வந்த நீர்.

முடிச்சக்கா முடியை ஒதுக்கிவிட்டாள். அந்தப் பெண் வந்த பிறகு முதல் தடவையாகப் பேசினாள்.

"கண்ணுக்குள்ள குத்துது."

"இதுக்குத்தான் கை தூக்கினியா?"

தலையசைத்தாள். முடிச்சக்கா நாலு பட்டையையும் அவிழ்த்தாள். அவிழ்க்க அன்றைக்கு அவளுக்கு வெகு நேரம் ஆனது. வார்டில் கிளிப், ரிப்பன் எதுவும் கொடுக்கக் கூடாது. காயத்துக்குக் கட்டுகிற மெல்லிய துணியில் ஒரு சாண் கிழித்து, நெற்றி முடியை மேலே தூக்கி, தளர்வாகக் கட்டிவிட்டாள்.

"என் தப்பும்மா. நான் பயந்துட்டேன்."

அந்தப் பெண் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்:

"இனிமே கை தூக்கலாமா?"

முடிச்சக்கா தூக்கலாம் என்று சொன்னாள். சொல்லிவிட்டுத் துணி அறைக்குள் போனாள். அழுகை வரும் என்று நினைத்துத்தான் போனாள், வரவில்லை. போர்வை அடுக்கின்மேல் உட்கார்ந்தாள். உடம்பு முழுக்க ஒரே அசதி. இருபத்தாறு வருஷத்து அசதியும் அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு மொத்தமாக வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. கன்றல் இல்லாமல் கட்டிய ஆயிரம் கைகளில் எத்தனை கை முடியை ஒதுக்கத் தூக்கியதோ, யார் கண்டது?

எழுந்துபோய் ரிஜிஸ்டரைத் திறந்தாள். எழுதினதை அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அப்படியே அடித்தாள். மேலே எழுதினாள்: "நோயாளி தாக்க முயலவில்லை. நர்ஸான நான் பயந்துவிட்டேன்."

சின்ன சிஸ்டர் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். "அக்கா! என்ன பண்றீங்க? யாரும் கேக்கலியே, பேசாம விட்டுடுங்க."

"எழுதியாச்சு."

மறுநாள் காலை மேட்ரன் கூப்பிட்டார். ரிஜிஸ்டர் அவர் மேஜையில் விரித்தபடி இருந்தது. மேட்ரனும் அதே வார்டில் பதினைந்து வருஷம் நின்று, கால் நரம்பு சுருண்டு, மேஜைக்கு வந்து சேர்ந்தவர்தான்.

"உக்காரு. என்ன இது? ரிஜிஸ்டர்ல கதை எழுதற?"

"நடந்ததை எழுதினேன் மேடம்."

"காரணம்னு ஒரு லிஸ்ட் இருக்கு. தாக்க முயன்றார், தன்னைக் காயப்படுத்தினார், ஓட முயன்றார். நர்ஸ் பயந்துட்டான்னு அதுல ஒரு காரணம் இருக்கா?"

"லிஸ்ட்ல இல்ல மேடம். வார்டுல இருந்துச்சு."

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அடிபட்டவளுக்கு அப்படித்தான் இருக்கும். உன்னைக் குத்தம் சொல்லல. இன்னும் லீவ் வேணுமா, கேளு, தரேன்."

"லீவ் வேண்டாம். பகல்ல இன்னொரு நர்ஸ் வேணும்."

மேட்ரன் சிரித்தார். சந்தோஷம் இல்லாத சிரிப்பு. "பதினோரு வருஷமா எழுதறேன்மா. மேல இருக்கவங்க ஆள் இல்லங்கறாங்க, கீழ இருக்கவங்க நீங்க என்ன பண்ணீங்கங்கறாங்க. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. இப்ப நீ இதை எழுதிட்ட. ஆடிட்டுக்கு வரவன் இந்த ஒரு வரியைப் படிச்சுட்டு, அப்ப மத்ததெல்லாம் என்னன்னு கேப்பான். நான் என்ன சொல்லட்டும்?"

முடிச்சக்கா எழுந்து வார்டுக்குப் போனாள்.

அதே கேள்வி வார்டிலும் காத்திருந்தது. அவள் எழுதியது சாப்பாட்டு நேரத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துபோனது. ஜாடியால் அடிபட்டபோது வீடு தேடி வந்தவர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "நீங்க ஒருத்தர் நல்லவராகறதுக்கு நாங்க எல்லாரும் பொய் எழுதறவங்களா ஆகணுமாக்கா?" என்று அடுத்த ஷிப்ட் நர்ஸ் ஒருத்தி நேருக்கு நேராகவே கேட்டாள். அது நியாயமான கேள்வி. "நான் என்னைப் பத்தித்தான் எழுதினேன்" என்று இவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் டீ வரும்போது அவளுக்கென்று யாரும் எடுத்து வைக்கவில்லை.

பார்வையாளர் நாளன்று அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். வாட்ச்மேன் வேலை பார்க்கிறவர். சீருடையோடு நேரே வந்திருந்தார். முடிச்சக்கா அவரைத் தனியாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாகக்கூட இருந்திருக்கும்.

அவர் தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே இருந்தார். "இதையெல்லாம் எங்கிட்ட சொல்றீங்களே சிஸ்டர். வீட்ல நாங்க கயித்தால கட்டினோம். நாலு நாள். அதுக்கப்புறம்தான் அவ பேச்சே நின்னுது." கொஞ்சம் கழித்து, "இங்க பேசறாளா?" என்று கேட்டார்.

"ரெண்டு வார்த்தை பேசினா."

"என்ன பேசினா?"

அவள் சொன்னாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்க்க உள்ளே போனார். முடிச்சக்காவுக்கு மனசில் பாரம் எதுவும் குறையவில்லை. அவருடைய பாரமும் சேர்ந்து ஏறிக்கொண்ட மாதிரிதான் இருந்தது.

விளக்கம் கேட்டு அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. எழுதிக் கொடுத்தாள். எச்சரிக்கை என்று இன்னொரு தாள் வந்தது. மூன்று மாதத்துக்கு அவளைத் துணிக் கிடங்குக்கு மாற்றினார்கள். போர்வை, தலையணை உறை, நோயாளிகளின் உடுப்பு எல்லாம் வெளுத்து வந்ததும் பிரித்து அடுக்குகிற வேலை. ஜன்னல் வழியாக வெயில் வரும். யாரும் கத்த மாட்டார்கள். வீட்டில் நன்றாகத் தூங்கினாள். இவ்வளவு நன்றாகத் தூக்கம் வருகிறதே என்பதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அந்த மாதங்களில் ஒரு நாள், வெளிநோயாளிப் பிரிவு வராந்தாவில் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது, பெஞ்சில் இருந்து யாரோ எழுந்து வழியை மறித்தார்கள். கணக்கு டீச்சர். மாத்திரை வாங்க வந்திருந்தார். கையில் குடையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"சிஸ்டர், அன்னிக்கு நான் உங்களைக் கேட்டேனே, தோள்ல என்னன்னு. போன வாரம் தம்பி வாய் தவறிச் சொல்லிட்டான். நான்தானா?"

சுற்றிலும் நூறு பேர் நின்றார்கள். இல்லை டீச்சர், தம்பி ஏதோ உளறுகிறார் என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளியிருக்கலாம்.

"ஆமா டீச்சர். நீங்கதான்."

டீச்சர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அப்ப ஏன் விழுந்துட்டேன்னு சொன்னீங்க?"

"அன்னிக்கு எனக்கு உண்மையைச் சொல்லத் தெம்பு இல்ல."

"நான் பதினெட்டு வருஷமா பிள்ளைங்களைக் கை நீட்டி அடிச்சதில்ல சிஸ்டர். பிரம்பு வெச்சுக்கற டீச்சர் இல்ல நான்."

"தெரியும். உங்களோட ரெண்டு நிமிஷம் பேசினேனே. நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க."

இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இன்னும் வலிக்கிறதா என்று டீச்சர் கேட்டார். மழை நாளில் வலிக்கும் என்று இவள் சொன்னாள். கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று டீச்சர் கேட்டார். முடிச்சக்காவின் கை மடியை விட்டு எழ ஒரு நொடி தாமதமானது. அந்தத் தாமதத்தை டீச்சர் பார்த்தார். முடிச்சக்காவும் அதை மறைக்கவில்லை. பிறகு கொடுத்தாள்.

மூன்று மாதம் முடிந்து வார்டுக்குத் திரும்பியபோது, பகல் ஷிப்டில் மூன்றாவதாக ஒரு நர்ஸ் இருந்தாள். மேட்ரன் எங்கேயோ சண்டை போட்டு வாங்கியிருந்தார். இவள் எழுதிய வரிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. ஐந்து மாதம் கழித்து வேறு வார்டில் ஆள் குறைகிறது என்று அந்த மூன்றாவது நர்சை எடுத்துக்கொண்டார்கள். மறுபடி இரண்டு பேர், நாற்பத்திரண்டு கட்டில்.

முடியை ஒதுக்கக் கை தூக்கிய பெண் இரண்டு மாதத்துக்குள்ளேயே வீட்டுக்குப் போய்விட்டாள். எப்படி இருக்கிறாள் என்று தெரியாது. திரும்பி வரவில்லை, அதை நல்ல செய்தி என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

முடிச்சக்கா இன்னும் கட்டுகிறாள். கட்டாமல் முடியாத நாள்கள் உண்டு. ஒருத்தி தன் கையைத் தானே கடித்துக் குதறும்போது ஐந்து நிமிஷம் யாரும் தர மாட்டார்கள். கட்டினால் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். மற்ற வேலை தேங்குகிறது. தேங்கட்டும் என்று விடுகிறாள், சின்ன சிஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே அதையும் சேர்த்துச் செய்கிறாள். பயம் போகவில்லை. சில காலைகளில் வாசலிலேயே தோள் தானாகச் சுருங்குகிறது. அந்த மாதிரி நாளில் யாராவது கையை ஓங்கினால் அவள் இரண்டடி பின்னால் நகர்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எனக்குப் பயமா இருக்கு, நீ போய்ப் பாரு" என்று சொல்லிவிடுகிறாள். முதலில் ஆயாம்மாக்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு ஒரு நாள், காதைக் கடிபட்ட சின்ன சிஸ்டர், மருந்துத் தட்டை அவள் கையில் திணித்து, "அக்கா, இன்னிக்கு எனக்கும் அப்படித்தான் இருக்கு, நீங்க போங்க" என்றாள். இவள் போனாள். அன்று பேச்சிலேயே முடிந்தது. அடுத்த வாரம் வேறொருத்தியிடம் முடியவில்லை, கட்டினார்கள். ஐந்தாவது கட்டத்தில் சின்ன சிஸ்டர் வழக்கமான இரண்டு சொற்களையே எழுதினாள். அன்று அது உண்மையாகவும் இருந்தது.

ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை கட்டிலுக்கு மேல் ஒரு ஆள் கூடிப்போய், ஒருத்தியைத் தரையில் பாய் போட்டுப் படுக்கவைத்துவிட்டு, அடுத்த ஷிப்ட்காரிக்கு ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்லி முடித்து, நாலரை மணிக்கு வெளியே வந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கம்பியில் தலையைச் சாய்த்ததுதான் தெரியும். கண்டக்டர் எழுப்பியபோது இறங்க வேண்டிய இடம் தாண்டி இரண்டு நிறுத்தம் வந்துவிட்டிருந்தது. இறங்கி, பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, வெயில் தாழ்ந்த தெருவில் மெல்ல வீட்டுக்கு நடக்க ஆரம்பித்தாள்.